நர்ஸம்மா தேர்வு எழுதுகிறார்

சுத்தமான, ஈரமில்லாத ஒரு கண்ணாடிக் குழாய். அதில் பாம்பு கடித்தவரின் ரத்தம் 2 மில்லி. இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்து கட்டியாக நின்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீர்போல் ஓடினால் விரியனின் விஷம் உடம்புக்குள் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது.

தேர்வுத் தாளில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி, பேராவூரணி பக்கம் ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரவு பன்னிரண்டு மணிக்கு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரை டூவீலரில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கும்போது, அதே கேள்விக்கு விலை ஓர் உயிர். மருத்துவர் வந்துசேரும் வரைக்கும் அங்கே இருப்பவர் நைட் டூட்டி செவிலியர். ஊரார் வாயில் 'நர்ஸம்மா'. அந்த நிமிடங்களில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் பிழைப்பா சாவா என்பதைப் பல நேரம் தீர்மானிக்கிறது.

காவிரி டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் செவிலியர் ஒருவராவது இருப்பார். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. நடத்தும் தேர்வு, எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட், அமெரிக்கா போக என்கிளெக்ஸ், கிராம நலவாழ்வு மையங்களில் பணியாற்றுவதற்கான ஆறு மாதச் சான்றிதழ் படிப்பின் தேர்வு. பெயர்கள்தான் வேறு. தனியாக நின்று முடிவெடுக்கக்கூடிய செவிலியரா இவர் என்பதையே இவை எல்லாம் அளக்க வேண்டும். தேறி வருகிறவருக்கு அந்த முடிவை எடுக்கும் அதிகாரமும் நிலையான வேலையும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டில் எது குறைந்தாலும் நஷ்டம் கிராமத்துக்குத்தான்.

அங்கே தொடங்கியது, இங்கே வந்தது

மருத்துவர் எட்டாத ஊர்களில் செவிலியரே நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கணித்து, சிகிச்சையையும் தொடங்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு வித்திட்டது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம். 1965-ல் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கினார்கள். ஃபோர்டு பொதுச் சுகாதாரச் செவிலியராக ஊர் ஊராகச் சுற்றியவர். 2025 ஜனவரியில், 104 வயதில் காலமானார். இன்று அங்கே குடும்ப நல நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டுமானால் முதுநிலைப் படிப்பு முடித்துச் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். அதை நடத்தும் வாரியங்களில் ஒன்று மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள் கேட்கிறது. மதிப்பெண் அவற்றில் 135-க்குத்தான். மீதி 15 வெறும் சோதனைக் கேள்விகள். எவை அந்தப் பதினைந்து என்று எழுதுகிறவருக்குத் தெரியாது.

இந்தியாவில் இதே பெயரில் இரண்டு படிப்புகள் உண்டு. தீவிர சிகிச்சைக்கான இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு ஒன்று, பேறுகாலப் பராமரிப்புக்கான 18 மாதப் படிப்பு இன்னொன்று. கிராமத்துக்கு நெருக்கமானதோ மூன்றாவது வழி. 2018-ல் மத்திய அரசு துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றத் தொடங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பீஜப்பூர் மாவட்டத்து ஜங்லாவில் முதல் மையம் திறக்கப்பட்டது. அங்கே உட்கார செவிலியர் வேண்டும், அவருக்குச் சமுதாய நலப் பயிற்சி வேண்டும். அதற்காக இக்னோ பல்கலைக்கழகம் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பை நடத்துகிறது. பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்திலேயே அந்தப் பகுதி பின்னர் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் இந்தப் பதவிக்கு 'இடைநிலை சுகாதாரப் பணியாளர்' என்று பெயர். 2021 இறுதியில் ஒரே அறிவிப்பில் 4,848 இடங்களுக்கு ஆள் கேட்டார்கள். மாதச் சம்பளம் 18,000 ரூபாய், வேலை ஒப்பந்தம்.

சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. டெல்டாவில் அது மூன்று நான்கு ஊர்கள், நடுவில் வாய்க்கால்கள், ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் தண்ணீர்.

வயல் கேட்கும் கேள்விகள்

எந்தத் தேர்வின் பாடத்திட்டத்தை எடுத்தாலும் உலகுக்கே பொதுவான நோய்கள் இருக்கும். தஞ்சைச் சீமைக்கென்று தனியாகச் சில கேள்விகள் உண்டு. இங்கே படிக்கிறவர்கள் அவற்றிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். கண்ணெதிரே பார்த்த நோய் மறக்காது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரையிலான இருபது ஆண்டுகளில், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்தார், பெரும்பாலும் மழைக்காலம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கையில் இருக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அதற்கான விஷத்தைத் தருவதில் பெரும்பங்கு 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிறது அது.

கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும் அந்தக் கண்ணாடிக் குழாய்ச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். கட்டு விரியன் அப்படியில்லை. அது பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் அவர் வயிற்றுவலி என்று எழுந்து வருவார். பிறகு இமை சரியத் தொடங்கும், பேச்சு குழறும், கழுத்து நிற்காது. வயிற்றுவலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டால் அவர் வீடு போய்ச் சேரும்போது மூச்சு நின்றுவிடக்கூடும். "ராத்திரி எங்கே படுத்திருந்தீங்க?" என்று கேட்கத் தெரிந்த செவிலியர் அவரைக் காப்பாற்றுகிறார். அந்தக் கேள்வியை எந்த வினா வங்கியும் கற்றுத் தராது.

இதில் தேர்வுக்குப் போகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குழந்தைக்கு விஷமுறிவு மருந்து எவ்வளவு? எடைக்கு எடை கணக்குப் பார்த்தே பழகிய கை, குறைத்து எழுதிவிடும். பெரியவருக்கு எவ்வளவோ குழந்தைக்கும் அவ்வளவுதான், ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்து ஏற்றுவதில்லை. காரணத்தோடு படித்தால் இது ஒருநாளும் மறக்காது. கடிபட்ட இடத்துக்கு மேலே கயிறு இறுக்காதே, கீறாதே, எலும்பு முறிந்த கையைப்போல் அசையாமல் கட்டு, 108-ஐ அழை என்பதையும் செவிலியர் தேர்வில் எழுதினால் போதாது, ஊர்க்கூட்டத்தில் சொல்லவும் வேண்டும்.

அடுத்தது காய்ச்சல். சம்பா வளர்ந்து நிற்கும் மாதங்களில், வரப்பிலும் புல்லிலும் புழங்கும் பெண்ணுக்கு ஒரு வாரக் காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு அடையாளம், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த சின்ன வடு. அது அக்குளிலும், மார்புக்குக் கீழும், தொடை இடுக்கிலும் ஒளிந்திருக்கும். ஆண் மருத்துவரிடம் அந்தப் பெண் அந்த இடங்களைக் காட்டமாட்டார், மருத்துவரும் நெருக்கடியில் கேட்கமாட்டார். திரையை இழுத்துவிட்டு, "காட்டுங்கக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லி அதைக் கண்டுபிடிக்கிறவர் செவிலியர். விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரை பிறகு வேலையைச் செய்துவிடும். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவருக்குக் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அதோடு மஞ்சளும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கும்பகோணம் பக்கம் பழைய யானைக்கால் நோயாளிகள் இன்னும் இருக்கிறார்கள். வீங்கிய காலை தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது உயர்த்தி வைக்கச் சொல்லித் தருவதும் பாடத்தில் இருக்கிறது.

பூச்சிமருந்துக்கும் இங்கே ஒரு கேள்வி உண்டு. மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு வாயில் எச்சில் ஒழுகுகிறது, வியர்வை கொட்டுகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது. கையுறை மாட்டிக்கொண்டு, துணியைக் களைந்து, உடம்பை சோப்பால் கழுவுவதும் மூச்சுப்பாதையைக் காப்பதும் முதல் வேலை. மருத்துவர் அட்ரோபின் தொடங்கியபின் எதைப் பார்த்து மருந்து போதும் என்று முடிவு செய்வது? கண்மணி விரிவதைப் பார்த்தென்று பலர் எழுதுகிறார்கள். நெஞ்சில் சளி வற்றி மூச்சுச் சத்தம் தெளிவாவதைப் பார்க்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுப் பழகியவருக்கு இந்தக் கேள்வியில் சந்தேகம் வராது.

பேறுகாலத்தில் செவிலியருக்கு ஏற்கெனவே பெரிய பொறுப்பு இருக்கிறது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தபிறகுதான் கிராமத்துப் பெண்கள் நம்பி அங்கே வரத் தொடங்கினார்கள். கர்ப்பிணிக்குத் தலைவலி, கண் மங்கல், ரத்த அழுத்தம் 160/110, பிறகு வலிப்பு. தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். அனுப்புமுன் மெக்னீசியம் சல்பேட் 10 கிராம், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராமாக ஆழ ஊசி போட வேண்டும். இந்த முதல் டோஸைக் கொடுக்க கிராம சுகாதார செவிலியருக்கே அரசு வழிகாட்டுதல் அனுமதி தருகிறது. அனுமதி இருந்தும் பயந்து ஊசியைப் போடாமல் வண்டியில் ஏற்றுவதே பெரிய தவறு.

இவ்வளவு அவசரம் எதுவும் இல்லாமல், ஆனால் அதிகம் பேரைக் கொல்வது ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான். 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். வீடு தேடி வந்து மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதற்கு இந்த எண் ஒன்றே போதுமான காரணம். நடவுக்கு விடிகாலை கிளம்பும் பெண் மாத்திரையை விட்டுவிடுகிறார். வெறும் வயிற்றில் போட்டால் கிறுகிறுக்கிறது, மாத்திரை சூடு என்று யாரோ சொன்னார்கள், தலைவலி இல்லையே எதற்கு மாத்திரை என்று பல காரணங்கள். அளவுமானியில் 170 காட்டினால் உடனே அவரைத் திட்டுவதா, மருந்தை மாற்ற அனுப்புவதா, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பதா? தேர்விலும் சரி, திண்ணையிலும் சரி, சரியான விடை மூன்றாவது.

புத்தகமும் வார்டும்

கோச்சிங் சென்டர்களைக் குறை சொல்லத் தேவையில்லை. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பது நேரத்தைக் கணக்கிட உதவும். நார்செட் முதல்நிலையில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள், தப்பான மூன்று விடைகளுக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். அங்கே தெரியாத கேள்வியை விட்டுவிடத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் மனப்பாடம் பயன்படாது. இப்போதைய தேர்வுகள் ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்லி, 'முதலில் என்ன செய்வாய்?' என்று கேட்கின்றன. நான்கு விடைகளும் சரியானவையாகவே இருக்கும். வரிசைதான் கேள்வி. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை உடம்பில் ஊறியிருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் முதலில் பரிசோதிக்க வேண்டும், பிறகுதான் செயல்.

கணக்கைப் பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். தினம் ஐந்து கணக்கு போட்டால் ஒரு மாதத்தில் பயம் போய்விடும். 500 மில்லி டிரிப் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால்? 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. 10 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல், கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாரசிட்டமால் என்றால் 150. சிரப் 5 மில்லியில் 125 இருந்தால் 6 மில்லி. வயிற்றுப்போக்கில் ஓரளவு நீர்ச்சத்து இழந்த 8 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 600 மில்லி உப்பு சர்க்கரைக் கரைசல். இந்தக் கணக்கை வார்டில் உண்மையான டிரிப்பை வைத்துக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். அதேபோல் குழந்தையின் மூச்சு. இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவைத் தொட்டாலே வேகமூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு முழு நிமிடம் எண்ண வேண்டும்.

டெல்டாவில் படித்து வருகிறவர்களில் பலர் பிளஸ் டூ வரை தமிழ்வழி. நர்சிங் பாடம் முழுக்க ஆங்கிலம். முதல் வருடம் அழுதுகொண்டே கடந்தவர்கள் ஏராளம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாடத்தையும் ஒருவர் மற்றவருக்குத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். வாயால் தமிழில் விளக்க முடிந்ததுதான் உண்மையில் புரிந்தது. ஆங்கிலச் சொற்களை அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். மாநில அரசு வேலைத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்துவிட்டதால், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது ஒரு பலமும்கூட.

நைட் டூட்டி முடித்துக் காலை எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். தூங்கி எழுந்து படிக்கும் ஒரு மணி நேரம், தூக்கக் கலக்கத்தில் படிக்கும் நான்கு மணி நேரத்தைவிட மேல். மதியம் தூங்கும் மருமகளைச் சோம்பேறி என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ராத்திரி முழுக்க லேபர் வார்டில் நின்றவர் அவர். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போதாவது சமையலை வேறு யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்தப் பயிற்சிக் கட்டணத்தையும்விடப் பெரிய உதவி அது.

தேறியபிறகு

2015-ல் எம்.ஆர்.பி. முதன்முறையாகச் செவிலியர்களைத் தேர்வு வைத்து எடுத்தது. 7,243 இடங்கள். தேறி வந்தவர்களுக்குத் தொகுப்பூதியமாக மாதம் 7,700 ரூபாய், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது பேச்சு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககமான டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. போட்டித் தேர்வு எழுதி, மதிப்பெண் வரிசையில் வந்தவர்களின் நிலைமை இது. பிறகு தொகுப்பூதியம் உயர்ந்தது, பகுதி பகுதியாக நிரந்தரமும் வந்தது. ஆனால் தேர்வு வைத்து எடுத்து ஒப்பந்தத்தில் நிறுத்தும் பழக்கம் போகவில்லை. 18,000 ரூபாய் ஒப்பந்தத்தில், ஒவ்வொரு ஆண்டும் நீட்டிப்புக் கடிதத்துக்குக் காத்திருப்பவரிடம் 5,000 பேரின் உடல்நலத்தை ஒப்படைத்திருக்கிறோம். வளைகுடாவுக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பும் செவிலியர்களைப் பார்த்து நாட்டுப்பற்று இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

அதிகாரத்தின் கதையும் அப்படியே. 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32-ஆவது பிரிவில், சமுதாய நலப் பணியாளர்களுக்கு முதல்நிலை, தடுப்பு மருத்துவத்தில் வரையறுக்கப்பட்ட உரிமம் தர வழி செய்தது. இந்திய மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அரைகுறைகளுக்குக் கதவு திறக்கிறது என்ற மருத்துவர்களின் அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு மருந்து, பயிற்சியைக் கூட்டுவதும் தேர்வை இறுக்குவதும்தான். எந்த நோய்க்கு எந்த மருந்தை எந்த அளவுவரை செவிலியர் தாமே தொடங்கலாம், எந்த இடத்தில் மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் குழப்பம் தீரும். மெக்னீசியம் சல்பேட்டுக்கு இது நடந்தது. உண்ணிக்காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடப்பதில் என்ன தடை?

தமிழ்நாடு அரசு இப்போது செய்யக்கூடியவை மூன்று. இடைநிலை சுகாதாரப் பணியாளர்களை காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேர்வெழுதும் செவிலியருக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு தர வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், பாம்புக்கடி வார்டிலும் பிரசவ வார்டிலும் ஆளுக்குச் சில வாரங்கள் நின்று பழகும் பயிற்சியைச் சான்றிதழ் படிப்பின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். கட்டடம் இருக்கிறது, நோயாளிகள் இருக்கிறார்கள், கற்றுத் தரக்கூடிய மூத்த செவிலியர்களும் இருக்கிறார்கள்.

டெல்டா வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முப்பது வயது தாண்டியவர்கள் உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அங்கே இருக்கும் நர்ஸம்மாவிடம் உங்களுக்கு வேலை நிரந்தரமா என்று கேளுங்கள். இல்லை என்றால், அடுத்த கிராமசபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.